குச்சியின் மறுபாதி: பழிவாங்கலைப் பேசும் ஆங்கில மரபுத்தொடர்கள்

1834 அக்டோபர் 16. லண்டனில் நாடாளுமன்ற மேலவைக்குக் கீழே இருந்த உலைகளில் காலையிலிருந்தே பழைய மரக்குச்சிகளைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வண்டிப் பாரம் இருந்தது. மாலையில் உலையின் வெப்பம் புகைபோக்கி வழியே ஏறிக் கட்டடத்தைப் பற்றிக்கொண்டது. இரவோடு இரவாக மேலவையும் கீழவையும் எரிந்துபோயின. இன்று தேம்ஸ் நதிக்கரையில் நாம் காணும் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்ததுதான்.

எரிந்தவை இங்கிலாந்துக் கருவூலத்தின் கணக்குக் குச்சிகள். காகிதம் அரிதாக இருந்த காலத்திலிருந்து அங்கே கடனையும் வரியையும் குச்சியில் வெட்டிக் குறித்தார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு, நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலத்தில், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலத்தில். வெட்டி முடித்ததும் குச்சியை நீளவாக்கில் பிளந்து, கொடுத்தவர் ஒரு பாதியையும் வாங்கியவர் மறுபாதியையும் வைத்துக்கொள்வார்கள். கணக்கு முடிக்கும் நாளில் இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள். வெட்டுகள் பொருந்தினால் கணக்கு சரி. ஒருவர் மட்டும் ரகசியமாக ஒரு வெட்டைக் கூட்டியிருந்தால் அந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்வார். இந்த வழக்கம் 1826 வரை நீடித்தது.

குச்சியில் போடும் அந்த வெட்டுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்கோர்' என்று பெயர். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். இருபதுக்கு ஒரு வெட்டு என்று எண்ணிய பழக்கத்தால் இருபது என்ற எண்ணுக்கும் அதுவே பெயரானது. மதுக்கடையில் வாடிக்கையாளரின் பாக்கிக்கும் அந்தப் பெயர் வந்தது. கிரிக்கெட் பார்க்கும்போது 'ஸ்கோர் என்ன?' என்று நாம் கேட்பதும் அதே வெட்டைத்தான். அந்த மதுக்கடைப் பாக்கியிலிருந்து பிறந்ததுதான் பழிவாங்குவதைச் சொல்லும் 'செட்டில் எ ஸ்கோர்' என்ற தொடர். ஸ்கோரைத் தீர்ப்பது என்றால் பகையைத் தீர்ப்பது.

ஒரு மொழி பழியுணர்ச்சியைப் பேச எந்தத் துறையின் சொற்களைக் கடன் வாங்குகிறது என்று பார்த்தால், அந்த மொழியைப் பேசுவோர் பழியை என்னவாகக் கருதினார்கள் என்பது விளங்கும். ஆங்கிலம் பல துறைகளில் கடன் வாங்கியிருக்கிறது: கணக்கேடு, சமையலறை, தொட்டில், வேட்டைக்காடு, கோழிக்கூண்டு. இவற்றில் மிகப் பெரியதும் பழையதும் கணக்கேட்டுக் குடும்பம். கணக்கை முடித்து வைப்பதற்காகப் பிறந்த சொற்களே பழிவாங்கலுக்கும் சொற்களாயின. ஆனால் அந்தப் பெயர்ச்சியில் குச்சியின் மறுபாதி தொலைந்துபோனது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

கணக்கேட்டின் சொற்கள்

'கெட் ஈவன்' என்பது இன்று அதிகம் புழங்கும் தொடர். 'ஈவன்' என்றால் சமம், மேடுபள்ளம் இல்லாதது. எனக்கு ஒரு தீங்கு நேர்ந்ததால் தராசின் ஒரு தட்டு தாழ்ந்துவிட்டது. நான் திருப்பிச் செய்தால் முள் நடுவுக்கு வரும் என்பது இதன் உள்ளெண்ணம். கோபத்தில் நேரத்தை வீணாக்காதே, கணக்கை நேர்செய் என்ற பொருளில் ஒரு வாசகம் அமெரிக்க அரசியலில் புகழ்பெற்றது. அதைக் கென்னடி குடும்பத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம்.

'பே பேக்' என்றால் திருப்பிச் செலுத்துவது. பெயர்ச்சொல்லாகும்போது அதுவே பழிவாங்கலுக்கு நேர்ப்பெயர். ஒருவர் கொடுத்த காசையே அவருக்குத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லும் தொடரும் உண்டு. அவர் செய்த வழியிலேயே அவருக்குச் செய்வது என்று பொருள். பிரிட்டனில் அதிகம் கேட்கும் 'கெட் யுவர் ஓன் பேக்' என்பதோ பறிபோன சொந்தப் பொருளை மீட்பதாகப் பேசுகிறது. பறிபோன பொருள் பெரும்பாலும் மானம்தான். இரு தரப்பும் பட்டது போதும், இனி பாக்கி இல்லை என்பதற்கு 'கால் இட் க்விட்ஸ்' என்கிறார்கள்.

ஜார்ஜ் லேக்காஃப் என்ற மொழியியலாளர் இந்தப் பழக்கத்துக்கு ஒழுக்கக் கணக்குவைப்பு என்று பெயரிட்டார். நன்மையை வரவாகவும் தீமையைக் கடனாகவும் எண்ணும் மனம், நன்றிக்கும் பழிக்கும் ஒரே ஏட்டைப் பயன்படுத்துகிறது என்பது அவர் கண்டது. 'உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்' என்ற ஆங்கிலத் தொடர் நன்றியாகவும் இருக்கலாம், மிரட்டலாகவும் இருக்கலாம். குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இங்கே ஒரு பயன் உண்டு. 'கெட் ஈவன்' என்பதைச் 'சமமாகிவிட்டேன்' என்று படத்தின் வசன வரியில் போட்டால் தமிழ் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. 'கணக்கைத் தீர்த்துவிட்டேன்' என்றால் உடனே விளங்கும். தமிழிலும் வஞ்சம் தீர்கிறது, கணக்கு தீர்கிறது, பசி தீர்கிறது, நோய் தீர்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வினை. ஆனால் 'பழி வாங்குதல்' என்பதில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பாரம் இருக்கிறது. குற்றத்தையும் நிந்தையையும் குறிக்கும் அதே 'பழி'தான் பதிலடிக்கும் பெயர். வாங்கியவர் கையில் கடைசியில் மிஞ்சுவதும் அதே சொல்தான்.

கண்ணுக்குக் கண்: ஓர் எல்லைக்கோடு

கணக்குத் தொடர்களில் மூத்தது கண்ணுக்குக் கண் என்பது. விவிலியத்தின் யாத்திராகமம் வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முன்னால், சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனிய மன்னர் ஹம்முராபியின் சட்டத்தில் அந்த விதி இருக்கிறது. அது பொறித்த கருங்கல் தூண் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இன்று இந்தத் தொடரைக் கொடூரத்தின் அடையாளமாகவே கேட்கிறோம். பிறந்தபோது அது ஒரு தடையாகவும் இருந்தது. ஒரு கண்ணுக்கு ஒரு கண்தான். உயிர் கேட்காதே, குடும்பத்தையே அழிக்காதே என்று பதிலடிக்கு அது உச்சவரம்பு கட்டியது. அதேசமயம் அந்தச் சமத்துவம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஹம்முராபியின் சட்டத்தில் உயர்குடியினரின் கண்ணுக்குக் கண். எளியவரின் கண்ணுக்கோ ஒரு மினா எடை வெள்ளி. பதிலடி என்று பொருள்படும் 'ரிடாலியேட்' என்ற ஆங்கில வினையின் வேரும் இங்கேதான் இருக்கிறது. செய்ததைப் போன்றதையே தண்டனையாகத் தரும் முறையை லத்தீனில் 'டாலியோ' என்றார்கள். 'அத்தகைய' என்று பொருள்படும் 'டாலிஸ்' என்ற சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள்.

இங்கிலாந்திலேயே இன்னொரு வழி இருந்தது. கி.பி. 600 வாக்கில் கென்ட் மன்னர் எதெல்பர்ட் காலத்தில் எழுதப்பட்ட சட்டத் தொகுப்பு, ஆங்கில மொழியில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஆவணம். அதில் பெரும்பகுதி விலைப்பட்டியல். கண்ணைப் பறித்தால் 50 ஷில்லிங், கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங், கட்டைவிரல் நகத்துக்கு 3 ஷில்லிங். கொலைக்கும் விலை உண்டு. படிக்கும்போது மனம் கூசுகிறது. ஆனால் அந்தப் பட்டியல் இல்லாத இடத்தில் கொலைக்கு மறுகொலை, அதற்கு இன்னொரு கொலை என்று தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கும். காசு வாங்கிக்கொண்டு கத்தியைக் கீழே போடு என்பதே அந்தச் சட்டத்தின் வேண்டுகோள்.

'பே' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இதையே சொல்கிறது. லத்தீனில் 'பாகாரே' என்றால் சமாதானப்படுத்துதல். அமைதியைக் குறிக்கும் 'பாக்ஸ்' என்பதிலிருந்து வந்தது. கடன் கொடுத்தவரை அமைதிப்படுத்துவதே பணம் செலுத்துவது. 'க்விட்ஸ்' என்பதும் அப்படித்தான். அதன் வேர் லத்தீன் 'க்வியேடஸ்': அமைதி, ஓய்வு. பழிவாங்கலுக்கு ஆங்கிலம் எடுத்தாளும் இரண்டு முக்கியச் சொற்களின் அடியில் அமைதி என்ற பொருள் புதைந்து கிடக்கிறது.

கணக்கு மட்டும் மிஞ்சி அமைதி வெளியேறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'பவுண்ட் ஆஃப் ஃபிளெஷ்' சான்று. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் பிறந்த தொடர் இது. பத்திரத்தில் எழுதியபடி ஒரு பவுண்டு சதையைக் கேட்கும் வட்டிக்காரர் ஷைலக்குக்குக் கடனைவிடப் பல மடங்கு பணம் தர ஆள் இருக்கிறது. அவர் மறுக்கிறார். யூதர் என்பதற்காகவே அவர் மீது துப்பிய உலகம் அது. அவர் காயம் உண்மையான காயம். ஆனால் கணக்கு அந்தக் காயத்தை ஆற்றவில்லை. இன்று இரக்கமின்றிக் கடைசிக் காசுவரை கறப்பவரைக் குறிக்க இந்தத் தொடரைச் சொல்கிறார்கள். அவமானப்பட்டவரின் கதை மறைந்து, அவர் கேட்ட விலை மட்டும் தொடரில் நிற்கிறது.

கணக்கு ஏன் நேராவதில்லை

கணக்குத் தொடர்கள் ஒரு முடிவை வாக்களிக்கின்றன: திருப்பிச் செய்தால் சமமாகும். நடைமுறையில் ஏன் ஆவதில்லை?

2003இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சுக்விந்தர் ஷெர்கில் குழுவினர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். இருவர் எதிரெதிரே அமர்ந்தார்கள். ஒருவர் மற்றவரின் விரலை அழுத்த வேண்டும். அழுத்தப்பட்டவர் தான் உணர்ந்த அதே அளவு விசையைத் திருப்பித் தர வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. பகை இல்லை, கோபம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் விசை சராசரியாக 38 விழுக்காடு ஏறிக்கொண்டே போனது. இருவரும் சமமாகவே கொடுத்ததாக நம்பினார்கள். நம் கையால் நாம் தரும் விசையை மூளை குறைத்து உணர்கிறது. வெளியிலிருந்து வருவதை முழுதாக உணர்கிறது. காரணம் அவ்வளவுதான். விரல்நுனியிலேயே இந்த நிலை என்றால், மனத்தில் பட்ட அடியை யார் அளந்து திருப்பித் தர முடியும்?

'டிட் ஃபார் டாட்' என்ற தொடரின் கதையும் இதோடு சேர்கிறது. 16ஆம் நூற்றாண்டில் லேசான தட்டுக்கு லேசான தட்டு என்ற பொருளுடைய 'டிப் ஃபார் டாப்' என்பதிலிருந்து திரிந்தது இது. 1980 வாக்கில் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட் கணினி நிரல்களுக்கிடையே ஒரு போட்டி நடத்தினார். ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் நிரல்கள் முடிவெடுக்க வேண்டும். அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல் வென்றது. அதன் பெயரும் 'டிட் ஃபார் டாட்'. முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி முந்தைய சுற்றில் செய்ததையே செய். அவ்வளவுதான் அதன் விதி.

ஆனால் அந்த வெற்றி நிரலுக்கும் ஒரு பலவீனம் இருந்தது. தவறுதலாக ஒருமுறை ஏமாற்றல் நிகழ்ந்துவிட்டால், இதே விதியைப் பின்பற்றும் இரு தரப்பும் மாறி மாறித் தண்டித்துக்கொண்டே இருக்கும். பிழைகள் நடக்கும் உலகில் சில வேளைகளில் மன்னித்துவிடும் நிரலே நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது என்று மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1992இல் காட்டினார்கள். மன்னிப்பு இல்லாத கணக்கு, கணக்காகவே தோற்கிறது.

இனிப்பும் ஆறிய உணவும்

அடுத்த குடும்பம் சமையலறையில் பிறந்தது. பழி இனிக்கும் என்பது பழைய ஆங்கிலப் பழமொழி. 2004இல் சூரிச்சில் டொமினிக் டி குவெர்வைன் குழுவினர், தம்மை ஏமாற்றியவரைத் தண்டிக்கத் தீர்மானிப்பவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். வெகுமதியை எதிர்பார்க்கும்போது விழிக்கும் பகுதி அப்போதும் விழித்தது. நாக்கு சொன்னது பொய் இல்லை.

எதிர்பார்ப்பில் இனிப்பது சாப்பிட்ட பிறகும் இனிக்கிறதா? 2008இல் கெவின் கார்ல்ஸ்மித், டிமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தண்டிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் அந்த வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மனம் கசந்திருந்தார்கள். தண்டித்தவரால் நடந்ததை மறக்க முடியவில்லை. தண்டிக்க முடியாதவர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

பழி என்பது ஆறிய பிறகு பரிமாறினால் சுவைக்கும் பண்டம் என்ற பழமொழி இந்தக் குடும்பத்தில் புகழ்பெற்றது. இதை 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல் ஒன்றின் தலையில் கட்டுவது வழக்கம். அந்த நாவலில் அது இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் யூஜீன் சூ 1841இல் எழுதிய 'மெத்தில்ட்' நாவலில் இதன் மூல வடிவம் இருக்கிறது. மொழிபெயர்ப்பு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. 1969இல் மரியோ பூசோவின் 'காட்ஃபாதர்' நாவலிலும், 1982இல் 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படம் ஒன்றிலும் இடம்பெற்றது. வேற்றுக்கிரக இனத்தின் பழமொழி என்று அந்தப் படம் சொன்னது. 2003இல் 'கில் பில்' திரைப்படம் அதையே தொடக்க வாசகமாக்கியது. உடனே அடிப்பவரைவிடக் காத்திருந்து அடிப்பவர் கெட்டிக்காரர் என்று இந்தத் தொடர் பாராட்டுகிறது. காத்திருக்கும் காலமெல்லாம் அவர் வேறு எதைச் சாப்பிட்டார் என்பதை அது சொல்வதில்லை.

தொட்டிலும் சுமையும்

அந்தக் காத்திருப்பை இன்னொரு குடும்பம் பேசுகிறது. மனத்தில் வைத்திருக்கும் வன்மத்துக்கு ஆங்கிலத்தில் 'கிரட்ஜ்'. முணுமுணுத்தல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களின் சொல் இது. அதைச் சுமப்பதாகவும் பிடித்துக்கொண்டிருப்பதாகவும் புகலிடம் கொடுப்பதாகவும் ஆங்கிலம் பேசும். எல்லாவற்றையும் விடக் கூர்மையானது 'நர்ஸ் எ கிரட்ஜ்'. நர்ஸ் என்றால் பாலூட்டுவது. வன்மம் ஒரு குழந்தை. வேளைக்கு ஊட்டினால்தான் வளரும். தமிழில் நாம் 'கறுவிக்கொண்டிருக்கிறான்' என்னும்போது முகம் கறுப்பது தெரிகிறது. ஆங்கிலத் தொடரில் மடியில் கிடத்தி ஊட்டுவது தெரிகிறது.

சட்டம் பயின்று இங்கிலாந்தின் லார்ட் சான்சலராக இருந்த பிரான்சிஸ் பேக்கன் 1625இல் பழிவாங்கலைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். பழியையே நினைத்துக்கொண்டிருப்பவர் தன் புண்ணைத் தானே ஆறவிடாமல் பச்சையாக வைத்திருக்கிறார் என்பது அவர் கருத்துகளில் ஒன்று. பாலூட்டும் தொடர் சொல்வதும் அதுதான்.

இந்தக் குடும்பத்தோடு தவறாகச் சேர்க்கப்படும் இரண்டு தொடர்களை இங்கே பிரித்துவிடலாம். 'ஆக்ஸ் டு கிரைண்ட்', அதாவது தீட்ட ஒரு கோடரி இருக்கிறது என்பது பெரும்பாலும் உள்நோக்கத்தைக் குறிக்கும். 'போன் டு பிக்' என்பது நேருக்கு நேர் கேட்டுத் தீர்க்கவேண்டிய ஒரு மனத்தாங்கல். இரண்டுமே பழிவாங்கல் இல்லை.

வேட்டையும் வெடியும்

'பேயிங் ஃபார் பிளட்', அதாவது ரத்தம் கேட்டுக் குரைப்பது என்பதில் மோப்பம் பிடித்துக் குரைக்கும் வேட்டை நாய்களின் ஓசை இருக்கிறது. ஒருவரின் பதவியைப் பறிக்கத் துடிப்பதை அவருடைய தலைத்தோலைக் கேட்பதாகச் சொல்லும் தொடர், அமெரிக்க எல்லைப்புறப் போர்களின் கொடிய நினைவு. இத்தாலிய 'வெண்டெட்டா' 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் குடியேறியது. கோர்சிகா தீவின் குடும்பப் பகைகளைப் பற்றிய கதைகள் அதைப் பரப்பின. இந்தக் குடும்பத்தின் தொடர்களில் எல்லைக்கோடு கிடையாது. இரை விழும்வரை ஓட்டம்தான்.

'ஹாய்ஸ்ட் வித் ஹிஸ் ஓன் பெட்டார்ட்' மட்டும் வேறு வகை. பெட்டார்ட் என்பது கோட்டைக் கதவைத் தகர்க்கும் சிறு வெடி. வைத்தவனையே அது தூக்கி எறிவதுண்டு. ஷேக்ஸ்பியர் இந்தத் தொடரை வைத்த இடம் ஹேம்லட்டின் வாய். எதிரிகள் தங்கள் வெடியாலேயே அழிவார்கள் என்று சொல்லும் அதே ஹேம்லட், தன் பழியை முடித்த கையோடு தானும் இறந்துபோகிறான்.

கூண்டுக்குத் திரும்பும் கோழி

யாரும் பழிவாங்க வேண்டாம், செய்தது தானாகத் திரும்பும் என்னும் தொடர்கள் அடுத்தவை. கோழிகள் கூண்டுக்குத் திரும்பும் என்ற பழமொழியைச் சாபத்தோடு சேர்த்து, ராபர்ட் சவுதி 1810இல் வெளியிட்ட நெடுங்கவிதைக்கு முகப்பு வாசகமாக்கினார். அந்தக் கவிதை இந்தியப் புராண உலகில் நடப்பது. வினைப்பயன் என்ற எண்ணத்துக்குப் பக்கத்தில் இந்தத் தொடர் அமர்ந்தது பொருத்தம்தான். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டபோது கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் இதே தொடரைச் சொன்னார். அதற்காக அவர் சார்ந்த இயக்கமே அவரைப் பேசக்கூடாது என்று தடுத்தது. தானாகத் திரும்பியது என்று சொல்பவர் மகிழ்கிறாரா, வருந்துகிறாரா என்பதைத் தொடர் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால்தான் துக்க வீட்டில் இது இவ்வளவு சுடுகிறது.

'பொயட்டிக் ஜஸ்டிஸ்' என்பதை 1678இல் தாமஸ் ரைமர் நாடக விமரிசனத்துக்காக உருவாக்கினார். மேடையிலாவது தீயவர் தண்டனை பெற வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இன்று தெரு வம்பிலும் இந்தத் தொடர் புழங்குகிறது.

அண்மைக் காலத்தில் பழி என்ற சொல் வேறு சொற்களின் முன்னால் ஒட்டிக்கொண்டு நீர்த்துவருகிறது. 1994 ஜூனில் இளவரசி டயானா அணிந்த கறுப்பு உடை 'ரிவெஞ்ச் டிரெஸ்' ஆனது. பெருந்தொற்று ஊரடங்குக்குப் பிறகு ஊர் சுற்றியது 'ரிவெஞ்ச் டிராவல்' ஆனது. இழந்த பொழுதை மீட்பதும் இப்போது பழிதான். இதில் யாருக்கும் காயமில்லை. ஆனால் ஒருவரின் அந்தரங்கப் படங்களை அவர் ஒப்புதல் இல்லாமல் பரப்பும் குற்றத்தையும் அதே சொல்லை ஒட்டியே அழைக்கிறார்கள். பழி என்றால் முன்னால் ஏதோ தீங்கு நடந்திருக்க வேண்டும் என்ற நினைப்பைச் சொல் விதைக்கிறது. எந்தத் தீங்கும் செய்யாதவர் மீது அது மறைமுகமாகக் குற்றம் சுமத்துகிறது. இந்தப் பெயரைக் கைவிட வேண்டும்.

மறுபாதி

கைவிடுதலைப் பேசும் தொடர்களும் ஆங்கிலத்தில் உண்டு. நன்றாக வாழ்வதே சிறந்த பழி என்ற பழமொழி, 1640இல் அச்சான ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் தொகுப்பில் இருக்கிறது. கண்ணுக்குக் கண் என்றால் உலகமே குருடாகும் என்பது காந்தியின் வாசகமாக உலகெங்கும் புழங்குகிறது. அவர் எழுத்தில் அதைக் காட்டியவர் இல்லை. அவர் வாழ்க்கையை எழுதிய லூயி ஃபிஷர் காந்தியின் கொள்கையை விளக்கப் பயன்படுத்திய வாசகம் அது.

'வைப் தி ஸ்லேட் க்ளீன்' என்பதில் மறுபடியும் மதுக்கடை வருகிறது. பாக்கியைப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவார்கள், தீர்ந்ததும் துடைத்துவிடுவார்கள். குச்சியில் வெட்டியது அழியாது, பலகையில் எழுதியது அழியும். ஆனால் துடைக்கும் உரிமை கடன் கொடுத்தவரின் கையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரிடம் போய் 'மறந்துவிடு' என்று மூன்றாம் மனிதர் சொல்வது, அடுத்தவர் பலகையைத் துடைப்பது போன்றது.

'பரி தி ஹேட்செட்', கைக்கோடரியைப் புதைப்பது, இவற்றில் ஆழமானது. வட அமெரிக்காவின் ஹௌடனோசோனி மக்கள் தங்களுக்குள் போரை நிறுத்தி ஆயுதங்களை ஒரு பெரிய பைன் மரத்தின் அடியில் புதைத்தார்கள் என்பது அவர்கள் மரபு. ஆங்கிலேயருக்கு இந்தத் தொடர் அங்கிருந்துதான் கிடைத்தது. 1761 ஜூன் 25 அன்று இன்றைய கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் அப்பகுதிப் பழங்குடியினரான மிக்மாக் மக்களும் பிரிட்டிஷ் அரசும் எதிரெதிரே நின்று கோடரி புதைக்கும் சடங்கை நடத்தினார்கள். அதன் பிறகும் மிக்மாக் மக்களுக்குக் கொடுத்த வாக்குகள் காப்பாற்றப்படவில்லை. அந்த உடன்படிக்கைகளுக்காக அவர்கள் வழக்காட வேண்டியிருந்தது. ஆயினும் சடங்கின் உள்ளே ஒரு அறிவு இருக்கிறது. தனியாக யாரும் கோடரியைப் புதைக்க முடியாது. இரு தரப்பும் வர வேண்டும், புதைத்த இடம் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குக் குச்சியைப் பிளந்தவர்களும் அதையே அறிந்திருந்தார்கள். ஒரு பாதியை வைத்துக்கொண்டு எத்தனை வெட்டு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், சரிபார்க்க ஆளில்லை. 'ஸ்கோரைத் தீர்க்கிறேன்' என்று தனியே கிளம்புபவர் கையில் இருப்பது அந்த ஒற்றைப் பாதி. விசையை 38 விழுக்காடு கூட்டியது அவருக்குத் தெரியாது; எதிராளி கையில் உள்ள வெட்டுகள் எத்தனை என்பதும் தெரியாது. மறுபாதியை எடுத்துவரச் சொல்லும் இடங்களாகத்தான் மனிதர்கள் நீதிமன்றத்தையும் பஞ்சாயத்தையும் சமாதானப் பேச்சையும் கட்டினார்கள். அவை பல வேளைகளில் தவறுகின்றன. ஏழைக்கு அவற்றின் கதவு தாமதமாகத் திறக்கிறது. கதவு திறக்காத இடங்களில்தான் கறுவல் வளர்கிறது. பழியுணர்ச்சி கொண்டவரிடம் பொறுமையை உபதேசிப்பதற்கு முன்னால், அவர் குச்சியை யாராவது வாங்கிப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

'பே' என்ற சொல்லின் அடியில் இருக்கும் அமைதி அப்போதுதான் மேலே வரும். இரண்டு பாதிகளும் ஒரே மேசையில் பொருந்திய பிறகு, அந்தக் குச்சி வெறும் மரம்.